கஞ்சா மருந்தைத் தனியே எழுதிக் கொடுக்க வேண்டாம்: ஒன்ராறியோவின் தமிழ் வைத்தியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோ பெரும்பாகத்தில் பணிபுரியும் தமிழ்க் குடும்ப வைத்தியர்களுக்கும், நோ சிகிச்சை நிலையங்களில் கடமையாற்றும் வைத்தியர்களுக்கும், மருந்தெழுதும் உரிமை பெற்ற தாதியர்களுக்கும்,

வணக்கம்.

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நாட்பட்ட நோவுடன் வாழும் தமிழர்களுக்கு நடத்தைச் சிகிச்சை (நோவுக்குப் பயந்து கைவிட்ட செயல்களுக்குப் படிப்படியாகத் திரும்பப் பழக்கும் சிகிச்சை) அளிக்கும் ஓர் உளச்சிகிச்சையாளராக இந்த மடலை எழுதுகிறேன். என்னிடம் வரும் நோயாளர்களில் பலர் இப்போது கைப்பையில் ஒரு சிறு கஞ்சா ஒயில் போத்தலுடன் வருகிறார்கள். சிலருக்கு அதை எழுதிக் கொடுத்தவர் நீங்கள். சிலர் பிள்ளைகள் மூலம் கடையில் வாங்கியிருக்கிறார்கள். இன்னும் சிலர் நபிலோன் குளிசை எடுக்கிறார்கள், ஆனால் அது கஞ்சாவின் கூறு ஒன்றைப் போலச் செய்யப்பட்ட மருந்து என்பதை அறியாமல் எடுக்கிறார்கள். உங்களிடம் நான் கேட்பது இதுதான்: நாட்பட்ட நோவுக்குக் கனபினோயிட் மருந்து (கஞ்சாவின் கூறுகளையோ அவற்றைப் போலச் செய்யப்பட்டவற்றையோ கொண்ட மருந்து) எதையும் எழுதிக் கொடுப்பதானால், அதை நடத்தைச் சிகிச்சையோடு சேர்த்து ஒரே திட்டமாகத் தொடங்குங்கள்; அப்படித் தொடங்க வழியில்லையென்றால், வழி பிறக்கும் வரை மருந்தைத் தள்ளிப் போடுங்கள். வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருக்கும் புற்றுநோயாளருக்கு இந்தக் கோரிக்கை பொருந்தாது. அவருக்கு வேண்டியது ஆறுதல். அதை யாரும் தாமதப்படுத்தக் கூடாது.

சட்டம் எங்களை எங்கே கொண்டு வந்து விட்டிருக்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். 2000 ஆம் ஆண்டில் பார்க்கர் வழக்கில் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் தொடர்ச்சியாக, 2001இல் மருத்துவத் தேவைக்குக் கஞ்சாவைப் பெறும் வழி கனடாவில் திறந்தது. 2018 ஒக்டோபர் 17 முதல் வயது வந்த எவரும் அதைக் கடையில் வாங்கலாம். மருத்துவ வழியில் பெறுவோருக்காக நீங்கள் நிரப்பும் பத்திரம், நாளொன்றுக்கு எத்தனை கிராம், எவ்வளவு காலத்துக்கு என்று கேட்கிறது; கூடியது ஓராண்டு வரை நீங்கள் அதில் எழுதலாம். அந்த மருந்தைக் கொண்டு இந்த மனிதர் என்ன செய்யப் போகிறார், எந்த வேலைக்குத் திரும்ப விரும்புகிறார், எதை வைத்து அது பயன் தந்ததென்று முடிவு செய்யப் போகிறோம் என்ற கேள்விகளுக்கு அந்தப் பத்திரத்தில் இடமே இல்லை. அந்த வெற்றிடத்தை நாங்கள்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

மருந்தின் பயன் எவ்வளவு என்பதில் மிகைப்படுத்தலும் வேண்டாம், இகழ்ச்சியும் வேண்டாம். எங்களுக்கு அருகில், ஹமில்ரன் நகரின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களின் தலைமையில் நடந்து, 2021இல் பிரித்தானிய மருத்துவ ஆய்விதழில் வெளியான தொகுப்பாய்வு, 32 சோதனைகளையும் அவற்றில் பங்குபற்றிய 5,174 பேரையும் கணக்கில் எடுத்தது. போலி மருந்து எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், கனபினோயிட் எடுத்த 100 பேரில் ஏறத்தாழ 10 பேர் கூடுதலாக, உணரத்தக்க அளவு நோக் குறைவைப் பெற்றார்கள். தூக்கத்தில் அப்படி முன்னேறியவர்கள் 6 பேர். உடலின் இயக்கத்திலோ 4 பேர் மட்டுமே. இந்தக் கடைசி எண்ணில் சற்றுத் தங்கி யோசிக்கும்படி உங்களைக் கேட்கிறேன். நோ குறைந்தவர்கள் எல்லோரும் எழுந்து நடக்கவில்லை. மருந்து நோவின் கூர்மையைச் சற்று மழுக்கக்கூடும். நோவுக்குப் பயந்து சுருங்கிப் போன வாழ்க்கையை அது தானாக விரித்துத் தருவதில்லை.

அதே ஆய்வை அடிப்படையாகக் கொண்ட வழிகாட்டி, வழமையான சிகிச்சைகள் போதாதபோது, புகைக்காத வடிவில் ஒரு பரிசோதனைக் காலம் கொடுத்துப் பார்க்கலாம் என்று பலவீனமான பரிந்துரை ஒன்றையே செய்தது. கனடியக் குடும்ப வைத்தியர்களுக்காக 2018இல் வெளியான எளிய வழிகாட்டியோ, பெரும்பாலான நோய்களுக்குக் கனபினோயிட்டைத் தவிர்க்கச் சொல்லி, மற்ற மருந்துகளுக்கு அடங்காத நரம்பு நோ போன்ற சிலவற்றுக்கு மட்டுமே கதவைத் திறந்து வைத்தது. நோ ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2021இல், நோவுக்காகக் கஞ்சாவையும் கனபினோயிட்டுகளையும் பொதுவாகப் பயன்படுத்துவதை ஆதரிக்க முடியாது என்றே கூறியது. அறிந்தவர்களே ஒத்துப்போகாத இடத்தில் நிற்கிறோம். அப்படிப்பட்ட இடத்தில் எழுதப்படும் மருந்துக்கு, அதைச் சுற்றி நாம் அமைக்கும் ஏற்பாடு மிகவும் முக்கியமாகிறது.

என் துறையையும் அதே தராசில் வைக்கிறேன். நாட்பட்ட நோவுக்கான உளவியல் சிகிச்சைகளைப் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 75 சோதனைகளையும் 9,401 பேரையும் பார்த்துவிட்டு, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை நோவிலும் இயலாமையிலும் மன உளைச்சலிலும் சிறிய, சிலவேளை மிகச் சிறிய பயனையே தருகிறது என்று முடிவுகட்டியது. ஆகவே பெரிய மருந்து ஒன்றையும் பெரிய சிகிச்சை ஒன்றையும் சேர்க்கும்படி நான் கேட்கவில்லை. தனித்தனியே சிறிய பயன் தரும் இரண்டை, ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிடாதபடி, முடிந்தால் ஒன்று மற்றொன்றுக்கு உதவும்படி, கவனமாகக் கோக்கக் கேட்கிறேன். எனது வாதம் சேர்க்கையைச் சோதித்த ஒரு பெரிய ஆய்வின் மீது நிற்கவில்லை. இவை ஒவ்வொன்றும் எப்படி வேலை செய்கின்றன என்பதன் மீது நிற்கிறது.

மக்கில் பல்கலைக்கழகத்தின் ரொனல்ட் மெல்சாக்கும் பற்றிக் வோலும் 1965இல் முன்வைத்த கதவுக் கோட்பாட்டை நீங்கள் மருத்துவக் கல்லூரியிலேயே படித்திருப்பீர்கள். முள்ளந்தண்டில் நோச் செய்தி கூடவும் குறையவும் முடியும், மூளையிலிருந்து இறங்கி வரும் கட்டளைகளும் அதைத் தீர்மானிக்கின்றன என்று அது சொன்னது. பின்னர் வந்தவர்கள் பயத்தையும் தவிர்ப்பையும் அந்தப் படத்தில் சேர்த்தார்கள். நாரியில் ஒருமுறை பிடித்துக்கொண்டவர் அடுத்த முறை குனிய அஞ்சுகிறார்; அஞ்சிக் குனியாமல் விட்டதால் தசைகள் தளர்கின்றன; தளர்ந்த உடல் சிறு அசைவுக்கும் நோகிறது; அந்த நோ, குனியாமல் விட்டதே சரி என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்கிறது. நடத்தைச் சிகிச்சை கைவைக்கும் இடம் இந்தச் சுழல்தான். பயந்த அசைவைச் சிறு அளவில் செய்து, எதிர்பார்த்த கேடு நடக்கவில்லை என்பதை உடலாலேயே கற்க வைப்பது அதன் மையமான வேலை.

இங்கேதான் கனபினோயிட்டுகள் என் கவனத்தை ஈர்க்கின்றன. பயத்தை மறக்கக் கற்கும் வேலையில் உடலின் சொந்தக் கனபினோயிட் தொகுதிக்குப் பெரும் பங்குண்டு. கனபினோயிட்டுகள் வந்து பொருந்தும் சீபி1 என்னும் ஏற்பி இல்லாத எலிகள் பழைய பயத்தைக் கைவிட மிகவும் சிரமப்படுகின்றன என்று 2002இல் காட்டப்பட்டது. மனிதரிடமும், கஞ்சாவின் போதை தரும் கூறாகிய ரீஎச்சீ சிறிய அளவில் ஒருமுறை கொடுக்கப்பட்டபோது, பயம் தணிந்த கற்றல் மறுநாளும் கூடுதலாக நிலைத்தது என்பதற்குச் சில ஆய்வுகள் உள்ளன. ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. நாள்தோறும் நிறையப் புகைப்பவர்களின் மூளையில் அதே சீபி1 ஏற்பிகள் குறைந்து போகின்றன. சில வாரங்கள் விலகியிருந்தால் மீண்டும் கூடுகின்றன. அளவும் நேரமும் வழியும் மாறினால், கற்றலுக்குத் துணைபோகக்கூடிய பொருளே கற்றலுக்குத் தடையாகிவிடும். எவ்வளவு, எப்போது, எந்தச் செயலுக்கு முன் அல்லது பின் என்பதை மருந்தெழுதுபவரும் சிகிச்சையாளரும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இதில் மிக முக்கியமானது மருந்தெடுக்கும் நேரம். சியாற்றிலில் உள்ள வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் நோவுக்கான நடத்தைச் சிகிச்சையைத் தொடக்கி வைத்த வில்பர்ட் ஃபோர்டைஸ், நோ வந்தால் மருந்து என்ற ஒழுங்கை மாற்றி, மணி பார்த்து மருந்து என்ற ஒழுங்கைக் கொண்டு வந்தார். காரணம் எளிது. நோ எழும்போதெல்லாம் மருந்து வந்து ஆறுதல் தந்தால், நோவைக் கவனிப்பதும் நோவைச் சொல்வதும் மருந்தைத் தேடுவதும் ஒன்றோடொன்று பிணைந்து வலுப்பெறுகின்றன. அவர் பேசியது மோர்பின் போன்ற ஓப்பியொயிட் மருந்துகளைப் பற்றி. கஞ்சாவுக்கு, அதிலும் ஆவியாக இழுக்கும் கருவிகளுக்கு, அது இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது. இழுத்துச் சில நிமிடங்களிலேயே விளைவு தெரிவதால் பிணைப்பு மிக வேகமாக இறுகுகிறது.

என் அறையில் நான் காணும் ஒரு வடிவத்தை விவரிக்கிறேன். இது ஒருவரின் கதை அன்று, பலரின் சாயல். பிளாஸ்ரிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நீண்ட காலம் நின்று வேலை செய்த பெண்மணி. பின்னேர வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது நாரியிலிருந்து கால் வரை குத்துளைவு. முதலில் இரவில் மட்டும் நாக்கின் கீழ் சில துளிகள் விட்டார், நித்திரை வந்தது. பிறகு சமைக்கத் தொடங்குமுன் சில துளிகள், பிறகு கோவிலுக்குப் போகுமுன், பிறகு மகளோடு தொலைபேசியில் கதைத்து மனம் கனத்த பின். மாதங்கள் சென்று பார்த்தால், துளிகள் கூடியிருக்கின்றன, அவர் செய்யும் வேலைகள் குறைந்திருக்கின்றன. அவர் தமக்குச் சொல்லப்பட்டபடியே எல்லாம் செய்திருக்கிறார். "தேவைப்படும்போது எடுங்கோ" என்றுதான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அந்த ஒரு சொற்றொடரை உங்கள் குறிப்புகளிலிருந்து நீக்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நாக்கின் கீழோ விழுங்கியோ எடுக்கும் வடிவம், இரவில் குறித்த ஒரு நேரம், மிகச் சிறிய தொடக்க அளவு (ரீஎச்சீ என்றால் 2.5 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம்), மெதுவான ஏற்றம், முன்கூட்டியே சொல்லிவைத்த உச்ச வரம்பு: இவை எழுத்தில் இருந்தால் நடத்தைச் சிகிச்சையின் பாதி வேலை உங்கள் மருந்துச் சீட்டிலேயே தொடங்கிவிடும்.

அடுத்தது பகல் நேரப் பயிற்சி. மருந்தின் தாக்கத்தில் இருக்கும்போது கற்ற ஒன்று, மருந்து இல்லாத நேரத்தில் கைகொடுக்காமல் போகலாம். மாடிப்படி ஏற அஞ்சும் ஒருவர் துளிகளை எடுத்துவிட்டு ஏறினால், "ஒயில் எடுத்ததால் ஏறினேன்" என்றே அவர் மனம் கணக்கு வைக்கும். "என் கால்கள் என்னைத் தாங்கின" என்று வைக்காது. ஆகவே நான் இரவு மருந்தைத் தூக்கத்துக்கு விட்டுவிட்டு, அசைவுப் பயிற்சிகளைக் காலையிலோ நண்பகலிலோ, மருந்து இறங்கிய நேரத்தில் வைக்கிறேன். முதல் கிழமை நிலக்கீழ்த்தளத்துப் படிகளில் நான்கு ஏறி இறங்குவது; நோ கூடினாலும் குறைந்தாலும் நான்கே, அதற்கு மேலுமில்லை, கீழுமில்லை. நல்ல நாளில் வீடு முழுவதையும் கூட்டித் துடைத்துவிட்டு அடுத்த மூன்று நாள் கட்டிலில் கிடப்பதுதான் எங்கள் ஆட்களிடம் நான் மிகுதியாகக் காணும் பழக்கம். இரவில் நன்றாகத் தூங்கியவருக்குக் காலையில் இந்தப் பயிற்சிக்குத் தெம்பு இருக்கிறது. மருந்து தரக்கூடிய உண்மையான உதவி அங்கேதான் என்று நான் நம்புகிறேன். ஆனால் பகலில் செய்வதற்கு ஒரு திட்டம் இல்லாதவருக்கு அந்தத் தூக்கம் அடுத்த இரவை எதிர்பார்க்க மட்டுமே பயன்படுகிறது.

தூக்கத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாள்தோறும் கஞ்சா எடுத்தவர் நிறுத்தும்போது முதலில் கெடுவது தூக்கம். கெட்ட கனவுகளும் எரிச்சலும் சேர்ந்து வரும். இதை யாரும் முன்னமே சொல்லி வைக்காவிட்டால், "மருந்தை விட்டதும் நோ திரும்பி வந்துவிட்டது" என்று நோயாளரும் குடும்பத்தாரும் முடிவு செய்து மீண்டும் தொடங்குகிறார்கள். படுக்கும் நேரம், எழும் நேரம், பகல் உறக்கம் ஆகியவற்றைச் சீர்படுத்தும் நடத்தைச் சிகிச்சையை மருந்து தொடங்கும்போதே தொடங்கிவிட்டால், பின்னர் மருந்தைப் படிப்படியாகக் குறைக்கும்போது அவர் சாய்ந்து நிற்க ஒன்று இருக்கும்.

நீங்கள் மருந்தைக் கொடுக்கும்போது சொல்லும் சொற்களுக்கும் பெரிய வலிமை இருக்கிறது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2022இல், கஞ்சா மருந்துச் சோதனைகளில் போலி மருந்து எடுத்தவர்களின் நிலையை மட்டும் தொகுத்துப் பார்த்தார்கள். 20 ஆய்வுகள், 1,459 பேர். போலி மருந்திலேயே நோ கணிசமாகக் குறைந்திருந்தது. அந்தச் சோதனைகளின் முடிவு எப்படியிருந்தாலும், செய்தி ஊடகங்கள் அவற்றை நம்பிக்கையூட்டும் விதமாகவே பெருமளவில் பேசியிருந்தன. எங்கள் சமூகத்தில் இது வாட்ஸப் வழியே வருகிறது: இயற்கை மருந்து, பக்கவிளைவே இல்லை, சித்தர்கள் சொன்னது, புற்றுநோயையே கரைக்கும். எதிர்பார்ப்பினால் வரும் நோக் குறைவை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். மூளை உண்மையிலேயே நோவைத் தணிக்கிறது. ஆனால் அந்த எதிர்பார்ப்பு முழுவதையும் போத்தலின் மீது கட்டிவிட்டால், போத்தல் ஏமாற்றும் நாளில் எல்லாம் சரிந்துவிடும். "இது உங்களுக்குச் சற்று உதவலாம், உதவாமலும் போகலாம், மீதியை நீங்களும் நாங்களும் சேர்ந்து செய்வோம்" என்று ஒரு வைத்தியர் தமிழில் சொல்லும்போது, அந்த எதிர்பார்ப்பின் ஒரு பகுதி நோயாளரின் சொந்த முயற்சியின் மீது வந்து அமர்கிறது.

குடும்பத்தை அழையுங்கள் என்றும் கேட்கிறேன். எங்கள் வீடுகளில் அன்பு பெரும்பாலும் வேலையைப் பறிப்பதன் மூலம் காட்டப்படுகிறது. "நீங்கள் இருங்கோ அம்மா, நான் செய்யிறன்" என்று மருமகள் தேநீர்க் கோப்பையைக்கூட வாங்கிவிடுகிறாள். கணவர் முனகியதும் மனைவி ஒயிலையும் வெந்நீர்ப் பையையும் எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார். நோவைக் காட்டும்போது கவனிப்பும், நோவை மறந்து இயங்கும்போது மௌனமும் கிடைத்தால், உடல் எதைக் கற்கும் என்பதை ஃபோர்டைஸ் அன்றே சொல்லிவிட்டார். யாரையும் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. அக்கறையினால்தான் இவர்கள் அப்படிச் செய்கிறார்கள். மருந்து தொடங்கும் நாளில் வீட்டார் ஒருவரையும் பக்கத்தில் இருத்தி, மருந்து யார் கையில் இருக்கும், எந்த நேரத்தில் எடுக்கப்படும், பாராட்டு எதற்கு என்பதைப் பேசிவிட்டால் பின்னர் வரும் பல சிக்கல்கள் வராமலே போகும். கஞ்சா என்ற சொல்லைக் கேட்டதும் கூசுகின்ற குடும்பங்களும் உண்டு. அந்தக் கூச்சத்தினால் மருந்தை மறைத்து எடுப்பவர்கள், அளவையும் பக்கவிளைவையும் உங்களிடமும் மறைக்கிறார்கள்.

போரிலிருந்து வந்தவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். மோர்ரன் பைசரும் அவருடன் பணியாற்றியவர்களும் ரொறன்ரோத் தமிழர்களிடையே நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு, மூன்றில் ஒருவர் கொடிய அதிர்ச்சிகளைக் கண்டோ அனுபவித்தோ இருந்ததையும், 12 சதவீதத்தினருக்கு அதிர்ச்சிக்குப் பிந்திய மன உளைச்சல் நோய் இருந்ததையும் பதிவு செய்தது. 2009க்குப் பின் வந்தவர்களை அந்த எண்கள் அறியா. உடலில் எறிகணைத் துண்டு இருப்பவர்கள், தடுப்பில் அடிபட்டவர்கள், பதுங்குகுழிக்குள் பிள்ளையைப் பொத்திப் பிடித்தபடி இருந்த தோள் இன்னும் இறுகியே இருப்பவர்கள் உங்களிடம் "தோள் நோகுது" என்று மட்டும் சொல்லி வருகிறார்கள். இவர்களில் சிலருக்குக் கனபினோயிட் உண்மையிலேயே உதவக்கூடும்: கனடியப் படையினர் பத்துப் பேரிடம் நடத்தி 2015இல் வெளியான சிறிய சோதனையில், நபிலோன் கெட்ட கனவுகளைக் குறைத்தது. ஆனால் நினைவு எழும்போதெல்லாம் அதை மழுக்கிவிடுவதற்கு மருந்து பழகிவிட்டால், அந்த நினைவை ஒருநாளும் முகம்கொடுத்துப் பேச முடியாத நிலை வந்துவிடுகிறது. இவர்களுக்கு நோவுக்கான சிகிச்சையையும் அதிர்ச்சிக்கான சிகிச்சையையும் ஒருவரே, அல்லது ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் இருவர், தமிழில் அளிக்க வேண்டும். சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கான கனடிய மையம் ரொறன்ரோவிலேயே இருக்கிறது. பரிந்துரைக்க இடமில்லை என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை.

யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது நீங்கள் அறிந்ததே; எனக்குக் கவலை தரும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். குடும்பத்தில் மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் இருந்தவர்களிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். எங்கள் ஆட்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள், "மாமாவுக்கு விசர்" என்பது கலியாணப் பேச்சு முடியும் வரை மூடிவைக்கப்படும் செய்தி. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் எடுக்கும் முதியவர்களுக்கு, கஞ்சாவின் மற்றொரு கூறாகிய கனபிடியோல் அந்த மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடலாம். தலைச்சுற்று பொதுவான பக்கவிளைவு; பனிக்காலத்தில், வீட்டுப் படியில், எழுபது வயதில், அது இடுப்பெலும்பு முறிவாக முடியும். பாரவூர்தி ஓட்டுபவரிடமும் ஊபர் ஓட்டுபவரிடமும் இந்த மருந்தைப் பற்றிப் பேசுவது என்பது அவருடைய தொழிலைப் பற்றிப் பேசுவதே.

செலவுக்கு வருகிறேன். நடத்தைச் சிகிச்சைக்கு அனுப்பச் சொல்கிறாயே, யார் பணம் கட்டுவது என்று நீங்கள் கேட்பீர்கள், நியாயமான கேள்வி. தனியாகத் தொழில் செய்யும் உளவியலாளருக்கும் உளச்சிகிச்சையாளருக்கும் ஒன்ராறியோ அரசின் சுகாதாரக் காப்புறுதியான ஓஹிப் பணம் கொடுப்பதில்லை. கஞ்சாவுக்கும் கொடுப்பதில்லை, நோயாளர் தன் கைக்காசில் மாதந்தோறும் ஒயில் வாங்குகிறார். முன்னாள் படையினருக்கு மட்டும் கூட்டாட்சி அரசு நாளொன்றுக்கு மூன்று கிராம் வரை செலவை ஈடுசெய்கிறது. அரசின் கணக்கில் இரண்டும் வெளியே நிற்கின்றன, ஆனால் ஒயில் போத்தலை வாங்குவது எளிது, சிகிச்சையாளரைக் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே நோயாளரின் பணம் எளிதான பக்கம் போகிறது.

இருந்தாலும் வழிகள் உண்டு. வைத்தியர்கள் தாமே அளிக்கும் உளச்சிகிச்சைக்கு ஓஹிப் பணம் கொடுக்கிறது. பத்து நிமிடச் சந்திப்பை விட்டு, மாதம் ஒரு மதியத்தை நீண்ட சந்திப்புகளுக்கென்று ஒதுக்க உங்களில் சிலரால் முடியும். குடும்ப வைத்தியர்களும் பிற பணியாளர்களும் சேர்ந்து இயங்கும் குடும்ப நலக் குழுக்களில் சமூகப் பணியாளர்கள் கட்டணமின்றிக் கிடைக்கிறார்கள். நோவோடு மனச்சோர்வும் பதகளிப்பும் சேர்ந்திருப்பவர்களை ஒன்ராறியோவின் கட்டமைக்கப்பட்ட உளச்சிகிச்சைத் திட்டத்துக்கு அனுப்பலாம். ஆங்கிலம் தெரிந்த இளையவர்களுக்கு இணைய வழியில் இலவச நோச் சுயஉதவித் தளங்கள் இருக்கின்றன. இந்த நாட்டில் ஐவரில் ஒருவர், ஏறத்தாழ 76 இலட்சம் பேர், நாட்பட்ட நோவுடன் வாழ்வதாகக் கனடிய நோச் செயலணி சொன்னது. அந்த 76 இலட்சத்துக்குள் இருக்கும் தமிழர்களுக்குத் தமிழில் ஒரு குழுச் சிகிச்சையாவது வேண்டும் என்று அமைச்சிடம் கேட்க உங்கள் கையொப்பங்களுக்கு இருக்கும் கனம் என் கையொப்பத்துக்கு இல்லை. ரொறன்ரோ பொது மருத்துவமனையில் 2014இல் தொடங்கப்பட்ட இடைநிலை நோச் சேவை, அறுவைச் சிகிச்சைக்குப் பின் நோ நீடிப்பவர்களுக்கு மருந்தையும், நோவை ஏற்றுக்கொண்டே விரும்பிய செயல்களில் ஈடுபடப் பழக்கும் நடத்தைச் சிகிச்சையையும் ஒரே கூரையின் கீழ் அளித்து வருகிறது. அந்தச் சிகிச்சையைப் பெற்றவர்களிடம் ஓப்பியொயிட் பயன்பாடும் நோவின் குறுக்கீடும் கூடுதலாகக் குறைந்ததாக அவர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். அங்கே குறைக்கப்பட்டது ஓப்பியொயிட். அமைப்பு முறை கனபினோயிட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

எனவே நடைமுறையில் நான் வேண்டுவது இவ்வளவுதான். மருத்துவப் பத்திரத்தை நிரப்பும் அன்றே நடத்தைச் சிகிச்சைக்கான பரிந்துரையையும் எழுதுங்கள். நோயாளர் மீண்டும் செய்ய விரும்பும் ஒரு செயலை அவருடைய சொற்களிலேயே கேட்டு, கோப்பில் முதல் வரியாகக் குறியுங்கள்: பேரப்பிள்ளையைத் தரையிலிருந்து தூக்குவது, கந்தசுவாமி கோவிலில் பூசை முடியும் வரை நிற்பது, ஒரு முழு நேர வேலைநாளை முடிப்பது. ஓராண்டுக்கு எழுத முடியும் என்றாலும் முதல் முறை மூன்று மாதத்துக்கு மட்டும் எழுதுங்கள். மூன்று மாத முடிவில் பூச்சியம் முதல் பத்து வரையான நோ எண்ணை மட்டும் கேட்காமல், அந்த முதல் வரியைத் திறந்து வைத்துக் கேளுங்கள். அந்தச் செயலை நோக்கி ஓரடியும் வைக்கவில்லையென்றால், நோ எண் சற்று இறங்கியிருந்தாலும், மருந்தைக் குறைத்து நிறுத்துவதைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள். நிறுத்தும் வாரங்களில் நோயாளரைச் சிகிச்சையாளர் கூடுதலாகச் சந்திக்கும்படி ஒழுங்கு செய்யுங்கள். என்னிடம் அனுப்பப்படுபவர்களுக்கு அந்த வாரங்களில் நேரம் ஒதுக்கித் தருவேன் என்பதை இங்கே எழுத்தில் தருகிறேன். அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டு வரிக் குறிப்பு ஒன்றைச் சிகிச்சையாளருக்கு அனுப்புங்கள், நாங்களும் பயிற்சியில் நடப்பதை உங்களுக்கு எழுதுகிறோம்.

இப்படி ஒரே திட்டமாகச் செய்து பார்க்க விரும்பும் வைத்தியர்கள் ஐந்தாறு பேர் முன்வந்தால், நோயாளர்களின் சம்மதத்தோடு, முறையான நெறிமுறை அனுமதி பெற்று, முதல் ஆண்டின் விளைவுகளை ஒழுங்காகப் பதிவு செய்யலாம். பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் கொண்டுபோய் வைக்க எங்கள் சமூகத்திலிருந்தே ஒரு தொடக்கம் கிடைக்கும். அதற்கான முதற்கூட்டத்தைத் தைப்பொங்கலுக்கு முன் ஸ்காபரோவில் நடத்த எண்ணியிருக்கிறேன். வரக்கூடிய மாலை எதுவென்று தெரிவியுங்கள்.

மதிப்புடன்,
நோ மறுவாழ்வில் பணியாற்றும் ஓர் உளச்சிகிச்சையாளர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ.